மாமரமும் தக்காளிச் செடியும்: ஒரே தோட்டத்தில் இரண்டு விதமான பராமரிப்பு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாந்தோப்புதான் பிரதானம். கிணற்றை ஒட்டிய அரை ஏக்கரில் தக்காளி இருக்கும். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கம் தக்காளிதான் முதல். வரப்போரம் நாலு மாமரம் நிற்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரே வீட்டில், ஒரே போர் தண்ணீரில், ஒரே ஸ்பிரேயரில் இரண்டும் வளர்கின்றன. பெரும்பாலான தவறுகள் ஒன்றுக்குச் செய்வதை அப்படியே மற்றதற்கும் செய்வதால் வருகின்றன. இந்தக் கேள்விகள் அதைச் சுற்றியவை. அளவுகள் எல்லாம் கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களின் செம்மண், ஆண்டுக்கு 800 முதல் 900 மி.மீ. வரையிலான மழை ஆகியவற்றை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

தக்காளிக்கு நாள் கணக்கு, மாவுக்கு வருஷக் கணக்கு. நாற்று நட்டதிலிருந்து தக்காளியின் ஆயுள் நான்கு, நாலரை மாதம். அதற்குள் வேர் விட்டு, பூத்து, காய்த்து முடித்துவிட வேண்டும். இன்று தண்ணீர் குறைந்தால் நாளை மறுநாள் செடியில் தெரியும், பத்து நாளில் காயில் தெரியும்.

மாமரத்தில் இந்த ஜூலையில் செய்த கவாத்தும், செப்டம்பரில் வைத்த எருவும், நவம்பரில் நிறுத்திய தண்ணீரும் அடுத்த ஏப்ரல், மே மாதக் காயில்தான் தெரியும். அதனால்தான் மரத்தில் தவறு செய்தவருக்கு அந்தத் தவறு எது என்றே தெரியாமல் போகிறது. ‘போன வருஷம் நல்லாக் காய்ச்சுது, இந்த வருஷம் என்னமோ ஆயிடுச்சு’ என்பார்கள். அந்த ‘என்னமோ’ பெரும்பாலும் எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்திருக்கும்.

எந்த மாதத்தில் நடுவது?

மா ஒட்டுச்செடியை ஜூன், ஜூலையில் முதல் மழை கிடைத்ததும் நடலாம். செப்டம்பர், அக்டோபரிலும் நடலாம். பாசன வசதி குறைவென்றால் செப்டம்பர்தான் நல்லது. வடகிழக்கு மழையில் வேர் பிடித்து, முதல் கோடையைத் தாங்கும் தெம்பு வந்துவிடும்.

தக்காளிக்கு ஜூன்-ஜூலை, நவம்பர்-டிசம்பர், பிப்ரவரி-மார்ச் என மூன்று பட்டம் உண்டு. கோடையில் காய்க்கிற பட்டத்துக்கு விலை கிடைக்கும் என்று பலர் பிப்ரவரியில் நடுகிறார்கள். அந்தப் பட்டத்தில்தான் வெள்ளை ஈயும் இலைச்சுருட்டு வைரஸும் உச்சத்தில் இருக்கும். நோய் தாங்கும் வீரிய ரகம் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். தளி, தேன்கனிக்கோட்டை போன்ற உயரமான, குளிர்ந்த பகுதிகளில் வெயில் தொல்லை குறைவு. ஆனால் மழையும் மூடுபனியும் சேரும் நாட்களில் கருகல் நோய் வேகமாகப் பரவும்.

நடும்போது ஆழம் எவ்வளவு?

இங்கே இரண்டும் நேர் எதிர்.

தக்காளி நாற்றைச் சற்று ஆழமாகவே நடலாம். மண்ணுக்குள் போகும் தண்டிலிருந்தும் வேர் விடும், செடி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். குழித்தட்டில் வளர்த்த 25 நாள் நாற்றுதான் சரியான பதம். 35 நாள் தாண்டிய, மெலிந்து நீண்ட நாற்றை நட்டால் ஆரம்பத்திலேயே பூவெடுத்து, செடி வளராமல் நின்றுவிடும்.

மா ஒட்டுச்செடியில் ஒட்டு கட்டிய இடம் மண்ணுக்கு மேல் அரை அடியாவது தெரிய வேண்டும். அது புதைந்தால் ஈரத்தில் அழுகும். மேலே உள்ள ரகமே வேர் விட்டு, ஒட்டுக்குக் கீழே உள்ள வேர்ச்செடியின் பலன் இல்லாமலும் போகலாம். நடும்போது கவனிக்க வேண்டியவை:

குழி 3 அடி நீளம், அகலம், ஆழம். நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பே தோண்டி ஆறவிட்டு, மேல் மண்ணுடன் 10 கிலோ மட்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். பாக்கெட்டைப் பக்கவாட்டில் கிழித்து, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். ஒட்டில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். விட்டுவைத்தால் தண்டு பருக்கும்போது நாடா சதைக்குள் இறங்கி, இரண்டாம் வருடக் காற்றில் செடி அந்த இடத்தில் முறியும். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை வாரம் ஒருமுறை கிள்ளிவிட வேண்டும். அவை வேர்ச்செடியின் துளிர்கள். வளரவிட்டால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ரகம் ஒடுங்கி, காட்டு மா மிஞ்சும்.

தண்ணீர் எவ்வளவு? எப்போது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தக்காளிக்கு வேண்டியது சீரான ஈரம். சொட்டுநீரில், நட்ட முதல் மூன்று வாரம் செடிக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் போதும். பூவெடுத்த பின் ஒன்றிலிருந்து ஒன்றரை லிட்டர். கோடையில் காய் திரளும்போது 2 லிட்டர் வரை போகும். லேட்ரலுக்கு லேட்ரல் (சொட்டுநீர் போகும் பக்கக் குழாய்) 4 அடி, செடிக்குச் செடி ஒன்றரை அடி என்றால் ஏக்கருக்கு 7,260 செடி. அதாவது உச்சத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 14,500 லிட்டர். நடுவதற்கு முன்பு போரில் ஏப்ரல் மாதம் அந்தத் தண்ணீர் வருமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வராதென்றால் அரை ஏக்கர் மட்டும் நடுங்கள். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வெள்ளமாகப் பாய்ச்சுவதுதான் காய் வெடிப்புக்கும் அடிக்கருப்புக்கும் முதல் காரணம்.

மாவுக்கு ஈரம் எவ்வளவு முக்கியமோ, மண் காய்வதும் அவ்வளவு முக்கியம். நட்ட முதல் இரண்டு கோடைகளில் வாரம் இரண்டு முறை, செடிக்கு 10 முதல் 15 லிட்டர் கண்டிப்பாக வேண்டும். காய்க்கும் மரமானால் கதை வேறு. பூமொட்டு உருவாவது முதிர்ந்த கிளை நுனிகளில். அந்த நுனி துளிர்விடாமல் ஓய்ந்து நிற்க வேண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளின் குளிரும் மண்ணின் வறட்சியும் சேர்ந்துதான் அந்த ஓய்வைத் தருகின்றன. ஆகவே அக்டோபர் கடைசியிலிருந்து பூங்கொத்து வெளிவரும் வரை பாசனம் கூடாது. மழை பெய்தால் நம் கையில் இல்லை. நாமாகச் சேர்க்க வேண்டாம். அந்த நேரத்தில் பாய்ச்சினால் பூ வர வேண்டிய இடத்தில் தாமிர நிறத்தில் தளதளவென்று துளிர் வரும். பார்க்க அழகாக இருக்கும். அந்த வருடக் காய் போயிற்று என்று அர்த்தம்.

பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்தபின் தண்ணீரைத் திறக்கலாம். எட்டு, பத்து வயது மரத்துக்குச் சொட்டுநீரில் நாளொன்றுக்கு 50 முதல் 80 லிட்டர் வரை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போங்கள். அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்பு மறுபடி நிறுத்துங்கள். பழத்தில் இனிப்பு ஏறும், வைப்பும் கூடும்.

இரண்டுக்கும் ஒரே வால்விலிருந்து லைன் எடுக்கலாமா?

கூடாது. மேலே சொன்னதுதான் காரணம்: நவம்பர், டிசம்பரில் தக்காளிக்கு தினமும் தண்ணீர் வேண்டும், மாவுக்கு ஒரு சொட்டும் கூடாது. தனி கேட் வால்வு, தனி சப்-மெயின் குழாய். வால்வு செலவை மிச்சம் பிடித்துப் பூவை இழக்க வேண்டாம்.

இன்னொன்று. நம் பகுதிப் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் பல இடங்களில் அதிகம். சொட்டுவான் வாயில் வெள்ளையாகப் படிந்தால், கடைசி வரிசைத் தக்காளிக்குத் தண்ணீர் குறைவதை ஒரு வாரத்தில் கண்டுகொள்வீர்கள். மாமரத்தில் அது தெரிய ஒரு கோடை பிடிக்கும். ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, லேட்ரல் முனைகளைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து ஓடவிடுங்கள்.

உர அளவு எப்படி?

மாவுக்கு முதல் வருடம் தொழு உரம் 10 கிலோ, யூரியா 435 கிராம், சூப்பர் பாஸ்பேட் ஒன்றேகால் கிலோ, பொட்டாஷ் அரை கிலோ. ஒவ்வொரு வருடமும் இதே அளவைக் கூட்டிக்கொண்டே போய், காய்க்கும் மரமானதும் வருடத்துக்குத் தொழு உரம் 50 கிலோ, யூரியா 2.2 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6.25 கிலோ, பொட்டாஷ் 2.5 கிலோ என்று நிறுத்திக்கொள்ளலாம். மாதம்: செப்டம்பர்-அக்டோபர், மண்ணில் ஈரம் இருக்கும்போது. இடம்: அடிமரத்தை ஒட்டி அல்ல. உச்சி வெயிலில் நிழல் விழும் விளிம்புக்குச் சற்று உள்ளே, அரை அடி ஆழத்தில் வட்டமாகக் கொத்தி, போட்டு மூடுங்கள். உரம் உறிஞ்சும் சல்லிவேர் அங்கேதான் இருக்கிறது. அடிமரத்தில் குவித்த எரு கறையானுக்குத்தான் உதவும்.

தக்காளிக்கு ஏக்கருக்குக் கடைசி உழவில் 10 டன் தொழு உரம். சாதா ரகத்துக்கு அடியுரமாக யூரியா 65 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 250 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ, கூடவே போராக்ஸ் 4 கிலோ, துத்தநாக சல்பேட் 20 கிலோ. முப்பதாம் நாள் இன்னொரு 65 கிலோ யூரியா கொடுத்து மண் அணைக்க வேண்டும். வீரிய ரகத்துக்கு இதைவிடக் கூடுதல் தேவை. அதை ஒரே தடவையாகக் கொட்டாமல் வெஞ்சுரி (உரக் கரைசலைச் சொட்டுநீரில் கலந்துவிடும் கருவி) வழியாக வாரம் இரண்டு முறை பிரித்துக் கொடுங்கள். வளர்ச்சியில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள கரையும் உரம்), காய் திரளும்போது 13:0:45, இடையிடையே கால்சியம் நைட்ரேட். கால்சியம் நைட்ரேட்டை மட்டும் தனி நாளில் விடுங்கள். சல்பேட் அல்லது பாஸ்பேட் உள்ள உரத்தோடு ஒரே டிரம்மில் கரைத்தால் சுண்ணாம்பு மாதிரி திரிந்து சொட்டுவானை அடைத்துவிடும்.

மண் பரிசோதனை செய்து அளவை மாற்றிக்கொள்வது இரண்டுக்கும் நல்லது. பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையமும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையமும் இந்தப் பகுதியின் மண்ணை அறிந்தவை. ‘பையூர் 1’ என்ற பெயரில் மாவிலும் ஒரு ரகம் உண்டு, தக்காளியிலும் ஒரு ரகம் உண்டு. இரண்டும் இந்த மண்ணில் உருவானவை.

இளம் மாந்தோப்பில் ஊடுபயிராகத் தக்காளி போடலாமா?

முதல் மூன்று வருடம் தாராளமாகப் போடலாம். 8 மீட்டருக்கு 8 மீட்டர் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 63 மரம். நடுவில் நிறைய வெயில் கிடக்கும். அந்த வயதில் மரம் பூத்தாலும் பூங்கொத்தைக் கிள்ளிவிடப் போகிறோம் என்பதால், தக்காளித் தண்ணீரால் பூ கெடுமே என்ற கவலையும் இல்லை. ஒரு நிபந்தனை: மரத்தைச் சுற்றி 3 அடி வட்டத்துக்குள் தக்காளி வரக்கூடாது, ஆண்டுதோறும் வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும்.

நான்காம் வருடத்திலிருந்து, அதாவது மரத்தில் காய் பிடிக்க விடும்போதிலிருந்து, நவம்பர் பட்டத் தக்காளியை விட்டுவிடுங்கள். ஜூன் பட்டத்தோடு நிறுத்துங்கள். அது அக்டோபரில் முடிந்துவிடும். பிறகு கொள்ளு அல்லது அவரை விதைக்கலாம். மழை ஈரத்திலேயே வந்துவிடும், தழைச்சத்தும் சேர்க்கும், மாவின் ஓய்வைக் கெடுக்காது. நம் முன்னோர் மானாவாரி மாந்தோப்பில் கொள்ளு தெளித்ததில் நல்ல கணக்கு இருக்கிறது.

மாவுக்குப் பாக்லோபூட்ரசால் ஊற்றிய இடத்தில் தக்காளி வருமா?

சரியாக வராது. இதை முன்கூட்டியே சொல்ல யாரும் இல்லாததால் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பாக்லோபூட்ரசால் மரத்தின் துளிர் வளர்ச்சியை அடக்கிப் பூக்க வைக்கும் மருந்து. மண்ணில் ஊற்றுவதால் அங்கேயே மாதக்கணக்கில் தங்கும். அந்த மண்ணில் நட்ட தக்காளியின் கணுக்கள் நெருங்கி, இலை கரும்பச்சையாகத் தடித்து, செடி குட்டையாக நின்றுவிடும். உரக்குறை என்று நினைத்து யூரியா போட்டால் காசுதான் வீண்.

மரத்துக்கும் இதை வருடா வருடம் கொடுக்க வேண்டாம். பெங்களூராவும் நீலமும் இயல்பாகவே ஒவ்வொரு வருடமும் காய்ப்பவை; அவற்றுக்குத் தேவையே இல்லை. அல்போன்சா, மல்கோவா போன்றவை ஒரு வருடம் விட்டுக் காய்ப்பவை. அவற்றிலும் நல்ல வளர்ச்சியுள்ள மரத்துக்கு மட்டும், காய்க்காத வருடத்தில், செப்டம்பர் முதல் பாதியில் ஊற்றுவதுதான் முறை. மெலிந்த மரத்துக்கு ஊற்றினால் இருக்கும் சத்தையும் பூவாகக் கொட்டிவிட்டு மரம் ஓய்ந்துவிடும்.

பூ கொட்டுகிறது. இரண்டிலும் காரணம் ஒன்றுதானா?

இல்லை. மாவில் பூ கொட்டுவது இயற்கை. ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூ இருந்தாலும் பெரும்பாலானவை ஆண் பூ. கடைசியில் கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல மகசூல். கவலைப்பட வேண்டியது பூங்கொத்தே கருகினால்தான். பூங்கொத்தில் விரலை வைத்து உருவிப் பாருங்கள். பிசுபிசுவென்று தேன் மாதிரி ஒட்டி, கைபட்டதும் ஆப்பு வடிவத்தில் சின்னப் பூச்சிகள் தத்தித் தெறித்தால் தத்துப்பூச்சி. அந்தப் பிசுபிசுப்பில்தான் பின்னால் கரும்பூசணம் படரும். வெள்ளை மாவு தடவியது போல் இருந்தால் சாம்பல் நோய். லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளியுங்கள், வெயில் ஏறிய நேரத்தில் வேண்டாம். கொத்தில் கரும்புள்ளி விழுந்து காம்பு கருகினால் ஆந்த்ராக்னோஸ்; மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். பிஞ்சு உதிர்வைக் குறைக்க என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கி 20 பி.பி.எம். உதவும், 4.5 சத மருந்தாக இருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு நாலரை மி.லி. அளவு கூடினால் இதே மருந்து பிஞ்சை உதிர்க்கும்; ஊசிக் குழாயில் அளந்து எடுங்கள்.

தக்காளியில் பூ கொட்டினால் முதலில் வெயிலைப் பாருங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவு குளிராமல் புழுங்கினாலோ மகரந்தம் செத்துவிடும். எந்த டானிக்கும் அதைச் சரிசெய்யாது. வெயில் இல்லாத மாதத்திலும் கொட்டினால் தழைச்சத்து மிகுதி, தண்ணீர் ஏற்ற இறக்கம், இலைப்பேன் என்ற வரிசையில் தேடுங்கள்.

கவாத்து இரண்டுக்கும் உண்டா?

தக்காளியில் வாரம் ஒருமுறை. முதல் பூங்கொத்துக்குக் கீழே வரும் பக்கத் துளிர்களை விரலளவு வளரும் முன் கிள்ளி, மண்ணைத் தொடும் இலைகளை எடுத்துவிட வேண்டும். குச்சி ஊன்றிக் கம்பி கட்டும் வீரிய ரகங்களுக்கு இது கட்டாயம். காலை பனி காய்ந்தபின் செய்யுங்கள். ஈரச் செடியில் கை வைத்தால் நோயைக் கையாலேயே வரிசை முழுக்கக் கொண்டுபோவீர்கள்.

மாவில் வருடத்துக்கு ஒருமுறை, அறுவடை முடிந்த உடனே, ஜூலை-ஆகஸ்டில். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, நடுவில் செங்குத்தாக ஏறுவது ஆகியவற்றை வெட்டி, மரத்தின் நடுவில் வெயில் இறங்க வழி செய்யுங்கள். கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுக்குப் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 10 லிட்டர், பிளாஸ்டிக் வாளியில். அக்டோபருக்குப் பிறகு கத்தியை எடுக்காதீர்கள்; பூக்க வேண்டிய நுனியைத்தான் வெட்டுவீர்கள்.

தக்காளிச் செடி பச்சையாகவே திடீரென்று வாடுகிறது. தண்ணீர் குறைவா?

மண் ஈரமாக இருந்தும் வாடினால் தண்ணீர் விடாதீர்கள். ஒரு செடியைப் பிடுங்கி, அடித்தண்டை இரண்டு அங்குலம் நறுக்கி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை மட்டும் தண்ணீரில் படும்படி பிடியுங்கள். ஆடக்கூடாது. சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். நூல் இறங்காமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் இருந்து, கீழ் இலை மஞ்சளாகியிருந்தால் பூஞ்சாண வாடல்.

பாக்டீரியா வாடலுக்கு வந்தபின் மருந்து இல்லை. செடியை வேர் மண்ணோடு எடுத்து வெளியே எரியுங்கள், அந்தக் குழியில் பிளீச்சிங் பவுடர் போடுங்கள், அந்த இடத்துத் தண்ணீர் அடுத்த வரிசைக்கு ஓடாமல் பாருங்கள். அடுத்த இரண்டு வருடம் அங்கே தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் வேண்டாம். கேழ்வரகோ மக்காச்சோளமோ போடுங்கள்.

மாமரத்து அடியில் மரத்தூள் கொட்டியிருக்கிறது. என்ன அது?

தண்டுத் துளைப்பான். அடிமரத்திலோ கவட்டையிலோ சுண்டுவிரல் நுழையும் துளை இருக்கும்; அதிலிருந்து நார்நாராகத் தூளும் எச்சமும் தள்ளப்பட்டிருக்கும். தூள் ஈரமாக, வெளிர் நிறமாக இருந்தால் புழு உள்ளே உயிரோடு இருக்கிறது. காய்ந்து கறுத்திருந்தால் பழைய துளை.

துளையைச் சுற்றிக் கத்தியால் சுரண்டிச் சுத்தம் செய்து, நுனியைக் கொக்கியாக வளைத்த சைக்கிள் ஸ்போக்ஸை விட்டுத் துழாவி இழுங்கள். கட்டைவிரல் நீளத்துக்கு மேல் வெள்ளைப் புழு வரும். வராவிட்டால் வேளாண் அலுவலர் சொல்லும் மருந்தில் நனைத்த பஞ்சைத் துளையில் திணித்து, களிமண்ணால் மெழுகுங்கள். மூன்று நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். புதுத் தூள் தள்ளியிருந்தால் மறுபடி செய்ய வேண்டும். தக்காளியில் ஒரு செடி போனால் பிடுங்கிப் போட்டுவிடலாம். இருபது வருட மரத்தை ஒரு புழு இரண்டு வருடத்தில் பட்டுப்போக வைத்துவிடும். அதனால் மாதம் ஒருமுறை ஒவ்வொரு மரத்தின் அடியையும் குனிந்து பாருங்கள்.

தக்காளி இலை சுருள்கிறது. வைரஸ்தானா?

எப்போதும் இல்லை. நுனி இலை சிறுத்து, ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருண்டு, செடி கட்டையாகி, தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் வைரஸ்; அடி இலையைத் தட்டினால் வெள்ளை ஈ பறக்கும். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள், ஏக்கருக்குப் பத்து மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள்.

ஒரு பக்கத்து வரிசைகள் மொத்தமாக, இலை நூலாக நீண்டு, நரம்பு நெருங்கி முறுக்கிக்கொண்டால் 2,4-டி களைக்கொல்லி. பக்கத்துச் சோளக் கொல்லையில் அடித்தது காற்றில் வந்திருக்கும், அல்லது அதே டேங்கைச் சரியாகக் கழுவாமல் இங்கே பயன்படுத்தியிருப்பீர்கள். தக்காளிக்கு அதன் வாடையே போதும். களைக்கொல்லிக்குத் தனி ஸ்பிரேயர் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவுக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தக்காளிக்கும் அடிக்கலாமா?

டப்பாவில் அந்தப் பயிரின் பெயர் இருந்தால் மட்டும். உதாரணமாக இமிடாகுளோபிரிட் 17.8 இரண்டுக்கும் பரிந்துரை உள்ளது: மாவில் தத்துப்பூச்சிக்கு, தக்காளியில் வெள்ளை ஈக்கு. 10 லிட்டருக்கு 3 மி.லி. என்ற அளவும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அடித்தபின் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாள் தக்காளிக்கு 3, மாவுக்கு 45. ஒரே மருந்து என்று ஒரே கணக்கு போடக்கூடாது. முழுப்பூ நேரத்தில் மாவில் எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம். ஈயும் தேனீயும் செத்தால் மகரந்தம் சேர்க்க ஆள் இல்லை.

பொறியும் அப்படியே. மாவில் பழ ஈக்கு மெத்தில் யூஜினால் பொறி, ஏக்கருக்குப் பத்து, காய் முற்றத் தொடங்கும் முன்பே கட்டுங்கள். விழுந்த பழத்தைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். இந்தப் பொறி தக்காளி ஊசிப்புழுவைப் பிடிக்காது, அதற்குத் தனி கவர்ச்சி மாத்திரை கேட்டு வாங்க வேண்டும். காய்ப்புழுவுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை சாமந்தி. துலுக்கச் சாமந்தியின் 45 நாள் நாற்றையும் தக்காளியின் 25 நாள் நாற்றையும் ஒரே நாளில் நட்டால் இரண்டும் சேர்ந்து பூக்கும்; அந்துப்பூச்சி சாமந்தி மொட்டில் முட்டையிடும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்துக் குழிகிறது. அல்போன்சா பழத்துக்குள் வெள்ளையாகப் பஞ்சு போல் இருக்கிறது. இரண்டும் நோயா?

இரண்டும் தொற்று நோய் அல்ல.

தக்காளியில் அது கால்சியம் காய் நுனிக்குப் போய்ச் சேராத குறை. மண்ணில் கால்சியம் இருந்தாலும் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் போய்ச் சேராது. பாசனத்தைச் சீராக்குங்கள், மல்ச்சிங் ஷீட் போடுங்கள், கால்சியம் குளோரைடு லிட்டருக்கு 5 கிராம் மாலையில் தெளியுங்கள். கறுத்த காய் தேறாது, பறித்துப் போடுங்கள்.

அல்போன்சாவில் அது பஞ்சுச்சதை. வெளித்தோலில் ஒன்றும் தெரியாது, அறுத்தால்தான் தெரியும். முற்றி மரத்திலேயே அதிக நாள் நின்ற காயிலும், தரைச்சூடு ஏறும் தோப்பிலும் அதிகம் வரும். முக்கால் முதிர்ச்சியில் பறிப்பதும், மரத்தடியில் காய்ந்த இலைதழை பரப்பிச் சூட்டைத் தணிப்பதும் குறைக்கும்.

அறுவடையில் என்ன கவனம்?

மாங்காயை உலுக்கி விழவைக்காதீர்கள். வலை கட்டிய தொரட்டியால், காம்பு மூன்று, நாலு அங்குலம் இருக்கும்படி பறியுங்கள். பிறகு நிழலில் காம்பை ஒட்ட நறுக்கி, தலைகீழாகச் சாய்த்து வைத்துப் பாலை வடியவிடுங்கள். பால் தோலில் பட்ட இடம் இரண்டு நாளில் கறுத்து, விலையைப் பாதியாக்கிவிடும். முற்றியதற்கு அடையாளம்: காம்பைச் சுற்றித் தோள் உயர்ந்து குழி விழும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். பழுக்க வைக்கக் கார்பைடு கல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது, வேண்டாம்.

தக்காளியை ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைக்கு மறுநாள் கொண்டுபோவதானால் முக்கால் சிவப்பில் பறிக்கலாம். வெளிமாநில லாரிக்கென்றால் அடியில் லேசாக நிறம் திரும்பியதுமே பறியுங்கள். காம்பு எடுத்துவிடுங்கள், கிரேட்டில் பக்கத்துக் காயைக் குத்தும்.

வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் இருக்கிறது. அதன் கீழே தக்காளி வருமா?

செடி வரும், காய் வராது. தக்காளிக்கு நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மரத்திலிருந்து விலகி, கிழக்கு வெயில் படும் இடத்திலோ மாடியில் 15 லிட்டர் கொள்ளும் பையிலோ வையுங்கள். மரத்தடி நிழலில் மஞ்சளும் சேப்பங்கிழங்கும் வரும், அவற்றை வையுங்கள்.

பத்து நாள் ஊரில் இல்லை என்றால்?

காய்க்கும் மாமரத்தைப் பற்றி நவம்பரில் யோசிக்கவே வேண்டாம். ஏப்ரலில் என்றால் கிளம்பும் முன் நன்றாகப் பாய்ச்சி, மரத்தடி வட்டத்தில் நாலு அங்குலம் கனத்துக்குத் தழை மூடிவிட்டுப் போங்கள். கொஞ்சம் பிஞ்சு உதிரலாம், மரம் தாங்கும். நட்ட முதல் வருட ஒட்டுச்செடி மட்டும் தாங்காது.

தக்காளிக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவரிடம் மூன்று வேலை சொல்லுங்கள்: காலையில் மோட்டார் போட்டதும் கடைசி வரிசைக் கடைசிச் செடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்ப்பது, மூன்று நாளுக்கு ஒருமுறை பழம் பறிப்பது, வாடிய செடியை அன்றே பிடுங்குவது. மருந்து அடிக்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள். போகும் முன் செய்யுங்கள், இல்லையென்றால் வந்து செய்யுங்கள்.